கடவுளை மறுப்பதும் குலதெய்வத்தை விடுவதும்

1937 ஜனவரி 6 அன்று சோவியத் ஒன்றியத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வழக்கத்துக்கு மாறான ஒரு கேள்வி இருந்தது. உங்களுக்கு மத நம்பிக்கை உண்டா, உண்டென்றால் எந்த மதம்? ஸ்டாலினின் விருப்பப்படி சேர்க்கப்பட்ட கேள்வி அது. புரட்சி நடந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயிரக்கணக்கான தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மூடப்பட்டிருந்தன. குருமார்கள் முகாம்களில் கிடந்தார்கள். 1925இல் தொடங்கப்பட்ட நாத்திகர் சங்கம் ஆலை ஆலையாக, பள்ளி பள்ளியாகப் பிரசாரம் செய்திருந்தது. மாஸ்கோவின் மிகப் பெரிய பேராலயம் 1931இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து, பெயரை எழுதிக்கொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்டார். ஆம் என்று சொன்னால் என்ன ஆகும் என்ற அச்சம் எல்லாருக்கும் இருந்தது. இருந்தும், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் பதில் சொன்னோரில் 57 சதவீதம் பேர் தங்களை நம்பிக்கையாளர்கள் என்றே பதிவுசெய்தார்கள். மொத்த மக்கள்தொகையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததால் அரசு அந்தக் கணக்கெடுப்பையே செல்லாததாக்கியது. பொறுப்பிலிருந்த புள்ளியியலாளர்கள் கைதானார்கள், சிலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இந்த எண்ணிக்கையை வைத்து இரண்டு அவசர முடிவுகளுக்கு வரலாம். கடவுளை எந்த அரசாலும் அழிக்க முடியாது என்று ஒரு தரப்பு சொல்லும். மக்களின் அறியாமை அத்தனை ஆழமானது, இருபது ஆண்டு போதாது என்று மறுதரப்பு சொல்லும். இரு தரப்பும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன. மத நம்பிக்கை என்பது மனத்துக்குள் இருக்கும் ஒரு கருத்து, அது சரியாகவோ தவறாகவோ இருக்கும், சான்று காட்டினால் மாற வேண்டும் என்பதே அந்த அனுமானம். கடந்த ஒரு நூற்றாண்டில் பல நாடுகளில் கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கடவுள் உண்டு என்ற கருத்தை ஒருவர் தனியாக வைத்திருப்பதில்லை. பிறப்பு, பூப்பு, திருமணம், சாவு ஆகியவற்றை ஊரோடு சேர்ந்து கடக்கும் முறையும், யார் யாருக்கு உறவு என்ற கணக்கும், செத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையும் அந்தக் கருத்தோடு பின்னிக்கிடக்கின்றன. வாதம் கருத்தை மட்டுமே தொடும். மற்றவற்றுக்கு மாற்று இல்லாதவரை, கருத்தில் தோற்றவர்கூட மதத்தை விட்டுப் போவதில்லை. என் முடிவு இதுதான். இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதங்களும் உண்டு, அவற்றையும் பார்க்க வேண்டும்.

என் முடிவுக்கு எனக்குத் தெரிந்த மிகத் துலக்கமான சான்று ஜப்பானில் கிடைக்கிறது. 1614இல் அங்கே கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. பாதிரிமார்கள் வெளியேற்றப்பட்டார்கள், பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்துக்குரியவர்கள் இயேசு அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும் என்ற நடைமுறை வந்தது. கியூஷு தீவின் நாகசாகிப் பகுதியிலும் சுற்றியுள்ள சிறு தீவுகளிலும் இருந்த உழவர்களும் மீனவர்களும் மிதித்தார்கள். புத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். வீட்டுக்குள் கன்னோன் என்னும் புத்தத் தெய்வத்தின் உருவத்தை மரியாளாக வைத்து வணங்கினார்கள். பாதிரியும் இல்லை, தேவாலயமும் இல்லை, நூலும் ஏறக்குறைய இல்லை. லத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்த வேண்டுதல்களைப் பொருள் முழுதும் விளங்காமலே வாய்வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாட்காட்டியைக் காக்க ஒருவர், குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க ஒருவர் என்று ஊருக்குள்ளேயே பொறுப்புகள் இருந்தன. 250 ஆண்டுகள் கழித்து, 1865 மார்ச்சில், நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டப்பட்ட ஓரா தேவாலயத்துக்கு உராகாமி கிராமத்திலிருந்து சிலர் வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெர்னார் பெத்திழானிடம் தாங்களும் அதே நம்பிக்கையுடையவர்கள் என்று மெல்லச் சொன்னார்கள்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, இது விசுவாசத்தின் வெற்றி என்று சொல்வதுண்டு. ஆனால் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியம். 1873இல் தடை விலகியது. ஐரோப்பியப் பாதிரிமார்கள் வந்தார்கள், முறையான கோட்பாடும் நூலும் வந்தன. மறைந்து வாழ்ந்தவர்களில் பலர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள்; கணிசமானவர்கள் சேரவில்லை. முன்னோர் ஓதிய வேண்டுதலைத் திருத்தி ஓதவும், முன்னோர் வணங்கிய உருவத்தை அகற்றவும் அவர்கள் உடன்படவில்லை. கோட்பாடுதான் அவர்களைக் காத்து நின்றது என்றால், சரியான கோட்பாடு வந்ததும் மகிழ்ந்து ஏற்றிருக்க வேண்டும். அவர்கள் விடாமல் வைத்திருந்தது தாத்தாவும் பாட்டியும் செய்ததைத்தான். கொடுமைக்கு அஞ்சி விடாததை, அதே கடவுளின் பெயரால் வந்த திருச்சபைக்காகவும் அவர்கள் விடவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். உலகில் நாத்திகத்தை மக்கள் இயக்கமாக, அரசின் வன்முறை இல்லாமல், மேடையிலும் பத்திரிகையிலும் இத்தனை காலம் நடத்திப் பார்த்த இடங்கள் அரிது. 1925இல் பெரியார் குடியரசு இதழைத் தொடங்கினார். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கமாக அந்த ஆண்டையே கொள்கிறார்கள். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதரும் மந்திரமும் இல்லாத திருமணம் நடந்தது. 1953இல் புத்த பூர்ணிமை நாளில் பிள்ளையார் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த இயக்கத்தின் வழிவந்தவர்கள் 1967 முதல் அரைநூற்றாண்டுக்கும் மேலாக மாநிலத்தை ஆண்டிருக்கிறார்கள். இதன் பிறகும் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மதம் குறிப்பிடாதவர்கள் 0.26 சதவீதம்தான். இந்த எண்ணை நாத்திகர்களின் தொகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடவுள் மறுப்பாளர் பலர் கணக்கெடுப்பில் இந்து என்றோ கிறிஸ்தவர் என்றோதான் பதிவாகிறார்கள். என்றாலும், 2019-20இல் பியூ ஆய்வு மையம் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், படம் தெளிவாகத்தான் இருக்கிறது. திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கும் சபரிமலைக்கும் பழனிப் பாதயாத்திரைக்கும் போகும் கூட்டம் இந்த அரைநூற்றாண்டில் பெருகியிருக்கிறது.

இதை இயக்கத்தின் தோல்வி என்று முடித்துவிடுவது அநியாயம். எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சுயமரியாதைத் திருமணம் வேரூன்றியது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து அதைச் செல்லுபடியாக்கினார். ஐயரை அழைக்காத திருமணத்தைத் தங்கள் வீட்டில் நடத்தியவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. மாலை மாற்றுவதும் தலைவர் வாழ்த்துவதும் உறவினர் கூடுவதும் அங்கே இருந்தன. பழைய சடங்கின் இடத்தில் புதிய சடங்கு வந்து உட்கார்ந்தது, அதனால் நின்றது. கடவுள் இல்லை என்ற வாசகம் பெரியார் சிலைகளின் பீடங்களில் நின்ற அளவுக்கு வீடுகளுக்குள் நுழையவில்லை. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது, மகளுக்கு வரன் அமையாதபோது, அப்பா இறந்த பதினாறாம் நாளில் என்ன செய்வது என்பதற்கு அந்த வாசகத்தில் வழி இல்லை.

இன்னொன்றும் நடந்தது, அதைப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. இயக்கம் எழுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு மதமே இடம்கொடுத்தது. மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் சென்று தாங்களே பூசை செய்யலாம், மாதவிலக்கு தடையில்லை என்றானபோது, எல்லாச் சாதிப் பெண்களும் சிவப்புச் சேலை உடுத்தித் திரண்டார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு, பயிற்சி பெற்ற பிற சாதியினரைத் திருக்கோயில்களில் அர்ச்சகர்களாக நியமித்தது. பெரியாரின் நெஞ்சில் தைத்த முள்ளை அகற்றிய செயல் என்று அதை வருணித்தார்கள். சமூகநீதியின் நோக்கில் இது பெரிய வெற்றி, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கடவுள் நம்பிக்கையின் நோக்கில் பார்த்தால், அவமானப்பட்டு வெளியேறியிருக்கக் கூடியவர்களுக்குக் கோயில் உள்ளே இடம் கொடுத்தது. தன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டில் பாதியை ஏற்றுக்கொண்டு மீதியோடு தொடரும் ஆற்றல் மதத்துக்கு உண்டு. விடுவது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்: நேற்று எதிர்த்ததற்கான காரணம் இன்று அங்கே இல்லை.

தமிழ்க் கிராமத்தில் ஒருவர் மதத்தை விடுவது என்றால் நடைமுறையில் எதை விடுவது? சிவன் உண்டா, விஷ்ணு உண்டா என்று யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. குலதெய்வக் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். வரி கொடுத்த வீடுதான் பங்காளிக் கணக்கில் இருக்கும். கொடுக்காவிட்டால் கோயில் மரியாதை போகும், பிறகு ஊர்க் கூட்டத்தில் பேசும் இடம் போகும். குழந்தைக்கு முதல் மொட்டை குலதெய்வக் கோயிலில்தான். காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். எனக்கு நம்பிக்கை இல்லை என்று தந்தை மறுத்தால், அவர் கடவுளை மறுத்ததாக மைத்துனர் எடுத்துக்கொள்ள மாட்டார். தன் சீரை, தன் உரிமையை மறுத்ததாகவே எடுத்துக்கொள்வார். தாய் இறந்தால் மூத்த மகன் அல்லது இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். மாட்டேன் என்றால் தாய்க்குச் செய்யாதவன் என்ற பழி சாகும்வரை நிற்கும். ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கூட்டத்தில், பித்ரு லோகம் எங்கே இருக்கிறது என்று விளக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அப்பாவுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க முடியவில்லை என்பதற்காக வந்தவர்களே அதிகம் என்று சொன்னால் தவறாகாது. இந்து மரபில் நம்பிக்கை கேட்கப்படுவதே குறைவு, பங்கேற்புதான் கேட்கப்படுகிறது. அதனால்தான் ஒருவர் மனத்தளவில் முழு நாத்திகராக இருந்துகொண்டே, வாழ்நாள் முழுவதும் கோயில் வரியைக் கட்டிவிட்டுப் போக முடிகிறது.

என் முடிவுக்கு முதல் மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. சமூகம், சடங்கு என்று சுற்றுவது எதற்கு, மனித மூளையே நம்பும்படி அமைந்திருக்கிறது என்பது அந்த மறுப்பு. இதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. புதரில் சரசரத்தால் காற்று என்று விடாமல் யாரோ இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணுவது உயிர் தப்பிக்க உதவியது; அந்தப் பழக்கம் காணாத கர்த்தாக்களையும் காணவைக்கிறது என்கிறார் ஜஸ்டின் பேரட். பாறை ஏன் கூராக இருக்கிறது என்று சிறு குழந்தைகளைக் கேட்டால், விலங்குகள் முதுகைச் சொறிந்துகொள்வதற்காக என்பதுபோல ஒரு நோக்கத்தைச் சொல்வார்கள் என்று டெபோரா கெலமன் காட்டினார். நேர நெருக்கடியில் பதில் சொல்லச் சொன்னால் தொழில்முறை இயற்பியல் அறிவியலாளர்களும் அதே பக்கம் ஓரளவு சாய்கிறார்கள் என்பதும் அவர் குழுவின் கண்டுபிடிப்பு. இவை உண்மை என்றே கொள்ளலாம். ஆனால் இயல்பாக வரும் சாய்வு வேறு, முருகனையோ அல்லாவையோ நம்புவது வேறு. எல்லா மனிதர்களுக்கும் ஒரே மூளைதான். செக் குடியரசிலும் எஸ்தோனியாவிலும் கடவுள் நம்பிக்கை சிறுபான்மையாகிவிட்டது, பக்கத்துப் போலந்தில் நெடுங்காலம் பெரும்பான்மையாகவே இருந்தது. பொதுவான மூளை இந்த வேறுபாட்டை விளக்காது.

எது விளக்குகிறது என்பதற்கு உளவியலாளர்களே தேடிக் கண்ட விடை கவனிக்கத்தக்கது. பகுத்துச் சிந்திக்கும் பழக்கம் நம்பிக்கையைக் குறைக்கிறது என்று 2012இல் வில் ஜெர்வேயும் அரா நொரென்சாயானும் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். சிந்தனையாளன் என்ற ரோதானின் சிலைப் படத்தைப் பார்த்தவர்கள் கடவுள் நம்பிக்கையைச் சற்றுக் குறைவாகத் தெரிவித்தார்கள் என்பது அதில் ஒரு சோதனை. 2017இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பிறகு 2021இல் ஜெர்வேயின் குழு அமெரிக்கர்களிடையே நடத்திய ஆய்வில், ஒருவர் நாத்திகராவதை வலுவாக முன்கூட்டிச் சொன்னது வேறொன்று: வளரும் வயதில் சுற்றியிருந்த பெரியவர்கள் தங்கள் நம்பிக்கைக்காக நேரம், பொருள், உழைப்பு செலவழித்ததைப் பார்த்தாரா இல்லையா என்பது. பகுத்தறிவுச் சிந்தனையின் பங்கு அதற்கு முன் சிறிதாக இருந்தது. தாய் விரதம் இருப்பதையும் தந்தை நோன்பு திறப்பதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடவுள் ஒரு கருதுகோள் ஆகாது. பட்டினி கிடந்த தாயின் முகமும் அந்த நம்பிக்கையும் ஒன்றாகவே மனத்தில் பதிகின்றன. நாகசாகித் தீவுகளில் நூலும் பாதிரியும் இல்லாமல் ஏழெட்டுத் தலைமுறை கடந்தது இப்படித்தான்.

அச்சமே காரணம் என்பது இரண்டாவது மறுப்பு, மிகப் பழையதும்கூட. இதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் திரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, அமைதியான உட்கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை, ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த வெளிக்கடலுக்குப் போகும்போது விரிவாகச் செய்கிறார்கள் என்று பதிவுசெய்தார். 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மனிதர்களிடம் கருத்துக் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாடெங்கும் மதப்பற்று குறைந்துகொண்டிருந்த காலத்தில், பாதிக்கப்பட்டவர்களிடையே மட்டும் அது கூடியது. மருத்துவமும் ஓய்வூதியமும் வேலைப் பாதுகாப்பும் உறுதியான நாடுகளில் மதம் தளர்கிறது என்று பிப்பா நோரிசும் ரொனால்டு இங்கிள்ஹார்ட்டும் 2004இல் விரிவாக வாதிட்டார்கள். அரசு மருத்துவமனை வாசலில் பிள்ளையார் இருப்பதன் காரணம் நமக்கு விளக்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் அச்சம் மட்டுமே காரணம் என்றால், செல்வமும் பாதுகாப்பும் பெற்றவர்கள் முதலில் விட்டிருக்க வேண்டும். நம் நகரங்களில் வசதி கூடக்கூட யாகமும் கும்பாபிஷேகமும் கூடுகின்றன. அச்சம் மனிதரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவருகிறது. அச்சம் தீர்ந்த பிறகும் அங்கே நிறுத்துவது அங்கே உருவான உறவுகள்.

நம்பிக்கை நேரடியாகப் பொய்த்தபோது என்ன ஆகிறது என்பதைப் பார்க்கவும் வரலாறு வாய்ப்புத் தந்திருக்கிறது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் போதகரின் வழிவந்தவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று எதிர்பார்த்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுவடை செய்யாமலே விட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. பலர் மனமுடைந்து விலகினார்கள். ஒரு சிறு குழு, அந்த நாளில் நிகழ வேண்டியது விண்ணுலகில் நிகழ்ந்தது என்று விளக்கம் கண்டு கூடியே இருந்தது. 1863இல் ஏழாம் நாள் திருச்சபையாக முறைப்படி அமைந்த அதில் இன்று 2 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் 1950களில் ஒரு சிறு குழுவை ஆராய்ந்து, பொய்த்த நம்பிக்கை இன்னும் தீவிரமாகும் என்று எழுதியது உலகப் புகழ் பெற்றது. அண்மையில் பழைய ஆவணங்களைத் திரும்ப ஆராய்ந்தவர்கள், ஆய்வாளர்களே அக்குழுவின் போக்கில் தலையிட்டார்கள், உறுப்பினர்கள் பலர் பிறகு விலகிவிட்டார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். எனவே, பொய்த்தால் நம்பிக்கை வலுக்கும் என்பது விதி ஆகாது. பொய்த்த பின்னும் கூடியிருந்தவர்கள் நம்பினார்கள், கலைந்தவர்கள் விட்டார்கள் என்ற அளவுக்கே சான்று பேசுகிறது. அது என் வாதத்துக்கு ஒத்துதான் வருகிறது.

விடுவதற்கான விலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்த விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. தமிழ் முஸ்லிம் ஒருவருடைய திருமணப் பதிவு ஜமாஅத்தின் பதிவேட்டில் இருக்கிறது, அடக்கம் செய்யும் கபர்ஸ்தானும் ஜமாஅத்துடையது. கிறிஸ்தவருக்குத் திருமுழுக்குச் சான்றும் கல்லறைத் தோட்டமும் பங்குக் கோயிலோடு சேர்ந்தவை. விலகுகிறவர் முதலில் இழப்பது தன் பிணத்துக்கான இடத்தை. 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான ஒருவர் அதற்காகவே கொல்லப்பட்டார். மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பாடுபட்ட நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்டார். சட்டமும் தன் பங்குக்கு வேலி போடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி ஏறக்குறைய இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போகிறது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார். மதம் மாறியவருக்கு அதன்பின் பிறந்த பிள்ளைகள், தாங்களும் இந்துவாக இருந்தாலொழிய, இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. பெண்களுக்கு விலை இன்னும் கூடுதல். வீட்டின் விரதமும் விளக்கும் படையலும் அவர்கள் பொறுப்பு. கணவன் நாத்திகம் பேசினால் கொள்கை என்பார்கள். மனைவி விளக்கேற்றாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாதவள் என்பார்கள்.

அப்படியானால் மதம் எங்குமே தளரவில்லையா? தளர்ந்திருக்கிறது, அதுவும் பெரிய அளவில். கிழக்கு ஜெர்மனியில் 1950இல் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 1989இல் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெர்லின் சுவர் விழுந்த பிறகும் மக்கள் திரும்பவில்லை. உலகிலேயே மதப்பற்று மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது. ரஷ்யாவில் நடந்ததோ நேர்மாறு: 1991இல் தங்களை மரபுவழிக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னவர்கள் 31 சதவீதம், 2008இல் 72 சதவீதம். தகர்க்கப்பட்ட மாஸ்கோப் பேராலயம் அதே இடத்தில் மீண்டும் எழுந்து 2000இல் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டும் பொதுவுடைமைக் கட்சி ஆண்ட நாடுகள்தான். ஏன் இந்த வேறுபாடு? பல காரணங்கள் உண்டு. ரஷ்யாவில் மதம் தேசிய அடையாளத்தோடு இணைந்திருந்தது. திரும்பி வந்ததும் பெரும்பாலும் அந்த அடையாளம்தான், தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் சிறுபான்மையே. ஆனால் ஒரு காரணத்தை நான் முதன்மையாகக் கருதுகிறேன். கிழக்கு ஜெர்மனி அரசு 1954 முதல், பதினான்கு வயதில் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் நடக்கும் உறுதிபூசுதலுக்குப் போட்டியாக, மதம் கலவாத ஓர் இளமைச் சடங்கைக் கொண்டுவந்தது. நல்லுடை, மேடை, வாழ்த்துரை, உறவினர் கூடும் விருந்து, பரிசு எல்லாம் அதில் இருந்தன. தொடக்கத்தில் கட்டாயத்துக்கு அஞ்சிப் போனார்கள், மறுத்த குடும்பங்களின் பிள்ளைகள் மேற்படிப்பு வாய்ப்பை இழந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த அரசே மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், எந்தக் கட்டாயமும் இல்லாமல், அந்தச் சடங்கு அங்கே நடக்கிறது.

வன்முறையே இல்லாமல் மதம் தளர்ந்த நாடு பிரிட்டன். அங்கே நடந்ததை ஆராய்ந்த டேவிட் வோஸ், நம்பிக்கையுள்ள பெற்றோர் இருவருக்கும் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமே அது தொடர்கிறது, பெற்றோரில் ஒருவர் மட்டும் நம்பிக்கையுள்ளவர் என்றால் அதிலும் பாதி என்று கணித்தார். வளர்ந்தவர்கள் வாதத்தில் தோற்று மதத்தை விட்டதால் அங்கே மதம் குறையவில்லை. பெற்றோர் கைமாற்றிக் கொடுக்காததால் குறைந்தது. ஒரு தலைமுறை விடவில்லை. அடுத்த தலைமுறை வாங்கிக்கொள்ளவில்லை.

மாற்று இல்லாமல் மதத்தை விட முடியாது என்பதை நம் மண்ணில் ஆழமாக உணர்ந்தவர்கள் அயோத்திதாசரும் அம்பேத்கரும். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர், மக்களிடமிருந்து தீபாவளியையும் கார்த்திகையையும் பிடுங்கவில்லை. அவற்றுக்குப் பௌத்தப் பொருள் சொன்னார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், 22 உறுதிமொழிகளை வாசித்தார். பிரமனையும் விஷ்ணுவையும் வணங்க மாட்டேன் என்பதோடு, சிரார்த்தம் செய்ய மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்பதும் அவற்றில் இருக்கிறது. எதை விட வேண்டும் என்பதைச் சடங்கின் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். விட்டவர்கள் சென்று சேர ஓர் இடத்தையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். மதம் மனிதனுக்குத் தேவை என்று அவர் கருதினார். அதை ஏற்காதவர்கள்கூட, அவருக்குப் பின் நின்ற அந்த மக்கள் பழைய தெய்வங்களிடம் பெருமளவு திரும்பிப் போகவில்லை என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாக, நம்பிக்கையாளரின் மறுப்பு. விட முடியாததற்கு இத்தனை காரணம் தேடுகிறீர்களே, அது உண்மையாக இருப்பதே காரணமாக இருக்கக் கூடாதா? இது மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒரு நம்பிக்கை எப்படி நிலைக்கிறது என்று விளக்குவதால் அது பொய்யென்று ஆகிவிடாது, இதை நாத்திகர்கள் ஏற்க வேண்டும். ஆனால் ஒன்றையொன்று மறுக்கும் மதங்கள் எல்லாமே விடுவதற்குக் கடினமாகத்தான் இருக்கின்றன. நாகசாகி மீனவர், பழனிப் பாதயாத்திரிகர், மில்லரின் சீடர் ஆகிய மூவரும் அசையவில்லை. மூவர் சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. எனவே விட முடியாமை உண்மைக்குச் சான்றாகாது. அது மனிதர்களைப் பற்றித்தான் நமக்குச் சொல்கிறது.

பகுத்தறிவு இயக்கங்களுக்கு இதில் ஒரு கடுமையான பாடம் இருக்கிறது, அதை அவர்கள் மேல் அக்கறையோடுதான் சொல்கிறேன். மேடையில் கடவுளை மறுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு நாத்திகர் இறந்த வீட்டில், அழுகிற மனைவிக்கும் செய்வதறியாத பிள்ளைகளுக்கும் அருகே நின்று, இறுதி ஊர்வலம் முதல் பதினாறாம் நாள்வரை கூட இருந்து நடத்திக்கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? படத்திறப்பும் இரங்கல் கூட்டமும் இயக்கத்தவர் வீடுகளில் உண்டு; அவற்றைக் கட்சிக்காரர் அல்லாத எளிய குடும்பமும் எடுத்துக்கொள்ளும்படி விரித்தெடுக்கும் வேலை பெருமளவு பாக்கி இருக்கிறது. பெயர் சூட்டலும் பூப்பும் முதியோர் துணையும் நோயாளி வீட்டு உதவியும் இன்னும் பாக்கி. அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர், சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழைப் பல ஆண்டுகள் முயன்று பெற்றார். ஒரு குடிமகள் கேட்டதும் கிடைத்திருக்க வேண்டிய காகிதம் அது. எந்த மதத்தையும் சேராதவருக்கு ஒவ்வோர் ஊரிலும் பொது அடக்க இடமும், எல்லா விண்ணப்பங்களிலும் ஒரு கட்டமும் வேண்டும். நம்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் நம்பிக்கையை விட்டுவிட்டேன் என்றால், அவர் உங்களை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அவரை முன்போலவே அழையுங்கள்.